பாசலில் ஒரு தனி அறை

1979 மார்ச் மாதத்தில் மட்டும் யோகா இரண்டு தடவை நகரத்தை மாற்றினாள். பரமட்டாவில் பயண முகவர் அலுவலகம் வைத்திருந்த திருமதி கொலின்ஸ், இரண்டாவது தடவை அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

கப்பலில் மாற்றமில்லை. ரைன் நதியில் ஒரு வாரம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசல் வரை மேலே ஏறும். அடுத்த வாரம் பாசலிலிருந்து கீழே இறங்கும். வழியில் கொலோனில் நிற்கும். அங்கேயும் ஆட்கள் ஏறலாம். ஐந்து நாள், சாப்பாட்டோடு. அந்த ஐந்து நாளைப் பற்றி யோகா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவளை அலைக்கழித்தது கப்பல் ஏறுவதற்கு முந்திய மூன்று நாட்கள். ஏதாவது ஒரு நகரத்தில், ஒரு ஹோட்டலில், அவள் மட்டும் தங்கப்போகிற மூன்று நாட்கள்.

யோகாவுக்கு நாற்பத்தொன்பது வயது. வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் சிஸ்டர். கல்யாணம் செய்யவில்லை. சாவகச்சேரியில் ஐந்து சகோதரங்களோடு ஒரே பாயில் படுத்தவள், பிறகு பள்ளிக்கூட விடுதியில் இருபது கட்டில்களில் ஒன்றில் படுத்தாள். லண்டனில் தாதிப் பயிற்சிக்குப் போனபோது இரண்டு பேருக்கு ஓர் அறை. மேற்பார்வைக்காரி எந்த நேரமும் கதவைத் திறக்கலாம். சிட்னிக்கு வந்த இந்த ஆறு வருடமாகக் கிரவீனில் தம்பி தேவராஜாவின் வீட்டில், முன் அறையில் இருக்கிறாள். நல்ல அறைதான். ஆனால் விருந்தாளிகள் வந்தால் கோட்டுகள் அவள் கட்டிலில் குவியும். கோட்டுகளுக்கு மேலே நித்திரையான பிள்ளைகளைக் கிடத்துவார்கள். கதவுக்குப் பூட்டு இல்லை. தம்பி வீட்டில் பூட்டுக் கேட்பது எப்படி?

வார்டில் ஒல்லாந்துக்காரி ஒருத்தி விட்டுப்போன விளம்பரப் புத்தகத்தில்தான் அவள் கப்பலைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் ஹோட்டல் படம். அறைக் கதவு, அதன் துவாரத்தில் பித்தளைச் சாவி, சாவியில் தொங்கும் ஒரு மரக்குமிழ். அந்தச் சாவியை அவள் கப்பலைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள். வீட்டில் சொன்னபோது தேவராஜாவும் மனைவி சிவனேஸ்வரியும் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட்ட கையோடு மகேந்திரராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

அந்த நாளில் சிட்னியிலிருந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை ஒரு கொப்பிக்குள் எழுதிவிடலாம். மகேந்திரராஜா எழுதியே வைத்திருந்தார். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் வேலை. விலாசம் என்றால் அவருக்கு உயிர். சிட்னியோடு நிற்கவில்லை. லண்டன், லாகோஸ், லுசாக்கா, எங்கே ஒரு தமிழ்க் குடும்பம் போய் இறங்கினாலும் அவருடைய நீல மட்டைக் கொப்பியில் ஏறிவிடும். வெளிநாடு போகிற எவரையும் அவர் ஹோட்டலில் தங்க விட்டதில்லை. அது அவருக்குத் தன் மரியாதைப் பிரச்சினை.

"தமிழாக்கள் இருக்கிற ஊரில நீ ஏன் பிள்ளை ஹோட்டலில கிடக்க வேணும்?" என்றார், வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்து கொப்பியைப் புரட்டியபடி. "ஆம்ஸ்டர்டாமில டொக்டர் நித்தியானந்தன் இருக்கிறார். என்ர மனுசியின்ர ஒண்டுவிட்ட தம்பி. நான் எழுதிப் போட்டிட்டன்."

"அண்ணை, நான் இன்னும் ஒண்டும்..."

"எழுதிப் போட்டாச்சு."

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. டொக்டர் மூன்று நாளும் லீவு எடுத்திருந்தார். நகரம் முழுக்கக் காரில் காட்டுவாராம். பிள்ளைகள் இருவரும் அன்ரியோடுதான் படுப்போம் என்று அடம்பிடிக்கிறார்களாம். யோகா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் பரமட்டாவுக்குப் போய், கொலோனில் ஏறலாமா என்று கேட்டாள். ஏறலாம் என்றாள் திருமதி கொலின்ஸ்.

மகேந்திரராஜா கொப்பியைப் புரட்டினார். "கொலோனில சிறிதரன். நீ போற நேரம் மனுசிக்கு ஏழாம் மாதம். துணைக்கு ஒரு பொம்பிளை இல்லையெண்டு அதுகள் அழுதுகொண்டிருக்குதுகள். நீ ஒரு நேர்ஸ். பார், கடவுள் எப்பிடிக் கொண்டுபோய் விடுகிறார் எண்டு."

வருடத்தில் முந்நூறு பிரசவம் பார்க்கிறவள், லீவிலும் வயிறு தடவப் போக வேண்டுமா? அன்று பின்னேர டியூட்டியில் ஒரு தாயின் நாடியை மூன்று தடவை எண்ணி மூன்று தடவையும் விட்டுவிட்டாள். நான்காவது தடவை எண்ணும்போது முடிவெடுத்தாள். கீழே இறங்குகிற கப்பலில் போவது. பாசலில் ஏறுவது. பாசலில் தமிழர் எவரும் இருக்க மாட்டார்கள்.

பரமட்டாவில் திருமதி கொலின்ஸ் கண்ணாடியைத் துடைத்தது அப்போதுதான். இருந்தாலும் டெலெக்ஸ் அடித்தாள். பாசலில் நதிக்கரைத் தெரு, பதினேழாம் இலக்கம், சின்ன ஹோட்டல். தனி அறை கேட்டிருக்கிறேன், மே மாதம்தான் உறுதி சொல்வார்களாம், பதில் வந்ததும் சொல்கிறேன் என்றாள்.

அந்த ஞாயிறு மகேந்திரராஜா கொப்பியை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். பாசல் இல்லை. யோகாவுக்கு நெஞ்சுக்குள் காற்று வந்தது.

"பொறு பிள்ளை," என்றார் அவர். "சூரிச்சில ஒராள் இருக்கு. அவனைப் பிடிச்சால் பாசலிலயும் ஆரையெண்டாலும் கண்டுபிடிப்பான். தந்தி ஒண்டு அடிப்பம்."

"வேண்டாம் அண்ணை." வாய் தானாகவே பேசியது. "பாசலில என்ர சிநேகிதி இருக்கிறா. லண்டனில என்னோட படிச்சவ."

"அட, சொல்லேல்லையே. பேர்?"

"விமலா."

"எந்த ஊர்?"

"திருக்கோணமலை."

"ஆற்ற மகள்?"

"தேப்பன் சின்ன வயசிலயே செத்துப் போயிட்டார், அண்ணை. தாயோட கொழும்பில வளர்ந்தவ."

"புருசன் எந்தப் பக்கம்?"

யோகா கடைசிக் கதவையும் சாத்த நினைத்தாள். "சுவிஸ்காரன்."

மகேந்திரராஜாவின் பேனா நின்றது. சொந்தம் தேட இனி வழியில்லை. அவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார். பிறகு மெதுவாக, "ஐயோ பாவம்," என்றார். "அப்ப அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கதைக்க ஒராளுமில்லை. ஒரு இடியப்பம் சாப்பிட வழியில்லை. விலாசத்தைச் சொல்லு."

வேறு விலாசம் எதுவும் வாயில் வரவில்லை. நதிக்கரைத் தெரு, பதினேழாம் இலக்கம் என்றாள். கொப்பியில் பாசல் ஏறியது.

மே மாத முதல் ஞாயிறு கூட்டுப் பிரார்த்தனை தேவராஜா வீட்டுக் கராஜில் நடந்தது. கார் வெளியே, சாமிப்படங்கள் உள்ளே, முப்பது சோடிச் செருப்பு புல்லில். தேவாரம் முடிந்து கற்பூரம் காட்டியதும் பெண்கள் ஒவ்வொருவராக யோகாவிடம் வந்தார்கள். ஒருத்தி வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கொடுத்தாள். ஒருத்தி பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. சிவமணி என்பவள், தன் தாய் ஊரிலிருந்து கொண்டுவந்த, அவித்துக் காயவைத்த பனங்கிழங்குப் புழுக்கொடியலில் பாதியைப் பிரித்துப் பழைய பேப்பரில் சுற்றியிருந்தாள். விக்னராஜாவின் மனைவி இடியப்ப உரலே கொண்டுவந்திருந்தாள், மரத்தில், சரியான பாரம்.

"உங்களிட்ட வேற இருக்கோ?" என்று கேட்டாள் யோகா.

"நான் வேற வாங்குவன். அவ எங்க வாங்கிறது? பிள்ளையள் எத்தினை?"

"ரெண்டு பெட்டையள்."

"சிவமணிக்கு ஒரு மகன் எண்டு சொன்னியளாம்."

"ரெண்டு பெட்டையும் ஒரு மகனும்."

"மூத்தவளுக்கு என்ன வயசு?" என்றாள் அவள், பார்வையில் வேறொரு கணக்கோடு.

அடுத்த பத்து நாளும் யோகா ஓரிடத்தில் இருக்கவில்லை. வார்டில் ஒழுங்காக இருந்த துணி அலுமாரியை மறுபடி ஒழுங்குபடுத்தினாள். வீட்டில் பெட்டியைத் திறந்து பார்சல்களை வைத்தாள், எடுத்தாள், குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். விமலாவின் சாமான் பதினோரு கிலோ. விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்கள். விமலாவுக்கு மட்டும் வீடு, பிள்ளைகள், பசி எல்லாம் வளர்ந்துகொண்டே போயின. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை தம்பியின் அறை வாசல் வரை போனாள். சொன்னால் அவன் மகேந்திரண்ணைக்குப் போன் எடுப்பான். அவர் சூரிச்சுக்குத் தந்தி அடிப்பார். பாசல் ஸ்டேஷனில் யாரோ ஒரு தமிழ்க் குடும்பம் பூங்கொத்தோடு நிற்கும். மரக்குமிழ்ச் சாவி வேறு யாருக்கோ போகும்.

அவள் ஆஸ்பத்திரிக் காய்ச்சல் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் கீறி வைத்திருந்தாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். இரண்டு மாதமாக அவற்றுக்குள் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமலிருப்பதுதான் திட்டம். அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சட்டைப் பைக்குள் வைப்பாள்.

புறப்பட நான்கு நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம். தேவராஜா பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். யோகா குசினி மேசையில் ஒடியல் மாவைச் சின்னப் பைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். சிவனேஸ்வரி ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வந்து, தடித்த உறை ஒன்றை மாவுப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒட்டியிருந்தது. மேலே, விமலாவுக்கு என்று மட்டும் எழுதியிருந்தது.

"இது என்ன?"

"கடிதம், மச்சாள். உங்கட சிநேகிதிக்கு."

"உமக்கு அவவைத் தெரியாதே."

"அதாலதான் எழுதினனான்."

யோகா உறையைத் தொடவில்லை. மிளகாய்த்தூளை எங்கேயாவது விட்டுவிடலாம். இடியப்ப உரலையும் ஏதாவது தேவாலய வாசலில் வைத்துவிடலாம், அவர்கள் அதை என்னவென்று நினைத்தாலும். ஆனால் ஒரு மனுஷி இருந்து எழுதி ஒட்டிக் கொடுத்த கடிதத்தை என்ன செய்வது? கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"சிவனேஸ், இதை நான் கொண்டுபோகேலாது."

"பாரமோ?"

"விமலா எண்டு ஒருத்தரும் இல்லை. நான் ஹோட்டலிலதான் நிக்கப் போறன். தனிய." மூச்சு விடாமல் சொன்னாள். "எனக்கு ஒரு அறை வேணும். மூண்டு நாள். ஒருத்தரும் கதவைத் தட்டாமல். இதைத் தம்பியிட்டச் சொன்னால் அது போச்சு. நீர் சொல்லுறதெண்டால் சொல்லும்."

சிவனேஸ்வரி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. மாவுப் பையின் வாயைத் திருகிக் கட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை பரமட்டாவில இருந்து அந்த வெள்ளைக்கார மனுசி போன் எடுத்தவ. தனி அறை உறுதியாயிட்டுதாம், மூண்டு இரவு. விலாசம் சொன்னா, எழுதினன். மகேந்திரண்ணையின்ர கொப்பியில இருக்கிற அதே பதினேழு."

"செவ்வாய்க்கிழமையே தெரியுமோ? பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் வெக்கப்பட்டுப் போகாமல் விட்டிடுவியள்."

யோகா உறையைப் பார்த்தாள். "இதை எப்ப எழுதினனீர்?"

"வியாழக்கிழமை."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிவனேஸ்வரி போய் அதை இறுக்கிவிட்டு, திரும்பாமலே பேசினாள்.

"இல்லாத ஆளுக்கு எழுதிறது லேசு, மச்சாள். இங்க வந்த ஏழு வருசத்தில ஒருத்தருக்கும் நான் இப்பிடி எழுதினதில்லை. அம்மாவுக்கு எழுதினால் அழுவா. இங்க ஆருக்கும் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கராஜுக்கு வந்திடும்."

"என்ன எழுதியிருக்கிறீர்?"

"அங்க போய் வாசியுங்கோ. இங்க வேண்டாம். இங்க வாசிச்சால் என்னைப் பாத்துக்கொண்டு இருப்பியள்."

பிறகு அவள் மேசையிலிருந்த பார்சல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் அலுமாரியின் அடித்தட்டில், அரிசி வாளிக்குப் பின்னால், அடுக்கினாள். மிளகாய்த்தூள், புழுக்கொடியல், ஒடியல் மா. உரலைக் கையிலெடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இது நல்ல உரல். விக்னராஜா வீட்டாக்கள் வரேக்க ஒளிக்க வேணும்."

"மகேந்திரண்ணை கேட்டால்?"

"விமலா சுகமாம், எல்லாருக்கும் நன்றி சொன்னவவாம் எண்டு நான் சொல்லுறன். மூத்த பெட்டைக்குப் பதினொரு வயசு எண்டும் சொல்லிவிடுறன். இல்லாட்டி அந்த மனுசி சாதகம் கேக்கும்."

யோகா வாய்விட்டுச் சிரித்தாள். சிவனேஸ்வரியும் சிரித்தாள். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

யோகா உறையோடு முன் அறைக்குப் போனாள். கட்டிலில் பிள்ளைகளின் துவாய்கள் கிடந்தன. ஒதுக்கிவிட்டு இருந்தாள். கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்தாள். எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். நல்ல பாரம், எட்டுப் பக்கமாவது இருக்கும். இத்தனை வருடம் ஒரே குசினியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று சமைத்திருக்கிறார்கள். சிவனேஸிடம் சொல்ல எட்டுப் பக்கம் இருந்தது என்று யோகாவுக்குத் தெரியாது. ஒருத்தரும் வராத மூன்று நாளுக்குள் இப்போது ஒருத்தி வந்துவிட்டாள், அதுவும் இந்த வீட்டிலிருந்தே. கோபம் வருகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் வந்தது. பிறகு, வியாழக்கிழமை பகல் முழுக்க அந்தக் குசினி மேசையில் சிவனேஸ் தனியே இருந்து எழுதியிருப்பாள் என்ற நினைப்பு வந்தது.

காய்ச்சல் அட்டையை எடுத்தாள். மூன்றாம் நாள் கட்டத்துக்குள், சிவனேஸின் கடிதம் என்று எழுதினாள். முதல் இரண்டு நாளும் வெறுமையாகவே இருந்தன. கப்பல் ஏறுகிற அவசரத்தில் வாசிக்கிற கடிதமா அது? அடித்துவிட்டு முதலாம் நாளில் எழுதினாள்.

கதவை இடித்துத் திறந்துகொண்டு பிள்ளைகள் ஈரத் தலையோடு உள்ளே ஓடிவந்து கட்டிலில் விழுந்தார்கள். யோகா அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எழுதியதற்குப் பக்கத்தில் இரண்டு சொல் சேர்த்தாள்: கதவைப் பூட்டியபின்.