அப்பத்தாவின் கோணல் மணிக்கட்டு

பேச்சுவார்த்தை இல்லாத தன் அண்ணன் வீட்டுக்கு அப்பத்தா ஒரு தூக்குச்சட்டி மீன்குழம்பு கொடுத்தனுப்பியதை, சாப்பிடும்போது தாத்தாவிடம் உளறிவிட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. எச்சில் கையோடு எழுந்தவர் அப்பத்தாவை உலக்கையால் அடித்தார். மூன்றாவது அடியைக் கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்” என்று ஊராரிடம் சொன்னாள். நானும் தலையாட்டினேன். மறுநாள் எனக்குச் சோறு போட்டவள், “எடது கையால போடுறேன்னு வெறுத்துராத ஆத்தா” என்றாள்.

போன மாதம் அறந்தாங்கியில் அவள் உடலைக் குளிப்பாட்டியபோது, கோணிய மணிக்கட்டில் தங்க வளையல் சிக்கிக்கொண்டது.

“இதென்ன இப்புடி வளைஞ்சிருக்கு?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“கெணத்தடியில விழுந்தது. நீயும் பாத்தேல்ல?” என்று அத்தை என்னிடம் கேட்டாள்.

வாசலில் தாத்தா அழுதுகொண்டிருந்தார். மறுபடியும் தலையாட்டினேன். உளறியே ஆகவேண்டிய நாளில் என் வாய் திறக்கவில்லை.