வியாழக்கிழமை தட்டிய சுவர்

என் தங்கை சல்கின் ஒரு பிளம்பர். எங்கள் நாரின் ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அடுக்குமாடிகளில் எங்கே தண்ணீர் ஒழுகினாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷ வேலையில் அவள் உடைத்த சுவர்கள் நான்கு. நான்கும் உடைத்தே ஆக வேண்டியவை. நான் ரொட்டி ஆலையில் மாவு நிறுத்துப் போடுகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் எண்ணிக்கையில் தவற மாட்டேன்.

தொழிற்பள்ளியில் இருபத்தாறு பையன்களுக்கு நடுவே அவள் ஒருத்தி. முதல் நாள் வாத்தியார், "சமையல் வகுப்பு அடுத்த கட்டடம்மா" என்றாராம்.

"அங்க போயிட்டுத்தான் சார் வர்றேன். குழாய் ஒழுகுது. உங்க பசங்க யாராவது வருவாங்களா, நானே பாத்துக்கவா?" என்று கேட்டிருக்கிறாள்.

அவளுடைய பையில் ஸ்பேனர்களோடு ஒரு தேநீர்க் கிண்ணமும் இருக்கும். சுவருக்குள் சத்தம் என்று யாராவது சொன்னால் கிண்ணத்தின் வாயைச் சுவரில் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் காதை வைத்துக் கேட்பாள். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. மேயரே வந்தாலும் வாயில் விரல் வைத்துக் காட்டுவாள்.

எங்கள் மூன்றாம் மாடியில் எனக்கு எதிர்வீடு அனார்கானுடையது. அவள் கணவர் சபார் லாரி ஓட்டியவர், மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டார். ஒரே மகள் பெர்மெத், மருந்துக் கடையில் வேலை. போன செப்டம்பர் கடைசி ஞாயிறு எர்மெக் வீட்டார் வந்து பெர்மெத்தின் காதில் தோடு போட்டுவிட்டுப் போனார்கள். தோடு ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எர்மெக் மின்சார மீட்டர் பார்க்கிற பையன், ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். வருங்கால மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க அந்த வாரமே பால்கனிக் கதவின் கீலை மாற்றினான், சமையலறைக்குப் புதுக் குழாய் போட்டான், ஆடாத நாற்காலியைக்கூட ஒருமுறை ஆட்டிப் பார்த்து முறுக்கினான்.

தோடு போட்ட பிறகு வந்த முதல் வியாழக்கிழமை சுவர் தட்டியது.

வியாழன் என்றால் எங்கள் கட்டடம் முழுக்க எண்ணெய் வாசனைதான். இறந்தவர்களுக்காகப் போர்சோக் பொரிப்போம். மாவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் உப்பிக்கொண்டு வரும். அந்த வாசனைதான் போனவர்களிடம் போய்ச் சேருகிறது. அனார்கான் வீட்டில் மகள் பொரிப்பாள், தாய் அடுத்த அறையில் சபாரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஓதுவாள். ஓதிக்கொண்டிருக்கும்போதே படத்துக்குப் பின்னால் டொக் என்று ஒரு சத்தம். கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு மூன்றாவது.

சபார் உயிரோடு இருந்தபோது அழைப்பு மணியைத் தொட்டதே இல்லை. மூன்று தட்டுத்தான் தட்டுவார்.

மறுவாரமும் வியாழன்தான் தட்டியது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மற்ற நாளில் ஒன்றுமில்லை. கட்டட அலுவலகத்திலிருந்து வந்தவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "குளிர் காலம்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். அனார்கான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தோடு போட்டதிலிருந்துதான் அவர் தட்டுகிறார், அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை பெர்மெத் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். "சோனுன் அக்கா, அப்பா தட்டினா எனக்கும் கேக்கணும்ல? எனக்கு ஒரு வாட்டிகூடக் கேக்கல" என்றாள். நான் தங்கைக்குப் போன் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சல்கின் வந்தாள். வீட்டிலிருக்கும் ஒவ்வொரு குழாயையும் திறந்தாள், மூடினாள். கிண்ணத்தை வைத்து அறை முழுக்கக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரரை ஸ்பேனர் வச்சுப் பிடிக்கப் போறியா?" என்றாள் அனார்கான்.

"சிக்கினா நானே உங்க கையில ஒப்படைச்சுட்டுப் போறேன் அக்கா. கொஞ்சம் பேசாம இருங்க."

ஒரு சத்தமும் இல்லை. புதன்கிழமை வந்து மறுபடி எல்லாவற்றையும் திறந்து மூடினாள். சுவர் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் தங்கை அப்படித் தலையைத் தொங்கப்போட்டு நான் பார்த்ததில்லை.

"வியாழன் அந்த வீட்டுல என்ன நடக்குது, மத்த நாள் நடக்காதது?" என்றாள்.

"போர்சோக்தான். வேறென்ன?"

"சட்டி சுவரைத் தட்டாதே." யோசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நாளைக்கு நீ சமையலறையில நில்லு. பெர்மெத் என்னென்ன பண்றாளோ ஒண்ணு விடாம நேரத்தோட எழுது. நான் படத்துக்குக் கீழ உக்காந்து தட்டுற நேரத்தை எழுதறேன். அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். உன்னை மாதிரி எழுத ஊர்ல வேற ஆள் இல்ல."

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஆலையில் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் இரண்டு கைக்கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு வைத்தோம். நான் சமையலறை மூலையில் நோட்டோடு நின்றேன்.

"அக்கா, மூக்கைச் சொறிஞ்சாலும் எழுதுவீங்களா?" என்றாள் பெர்மெத்.

"சொறி, எழுதறேன்."

எழுதினேன். 4.10 மாவு சலித்தாள். 4.16 தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். 4.29 எண்ணெயில் முதல் ஈடு போட்டாள், சட்டி இரையத் தொடங்கியது. 4.31 கையெல்லாம் மாவு, முழங்கையால் குழாயைத் திறந்து ஈரத்துணி நனைத்தாள், முழங்கையால் மூடினாள். 4.38 மூக்கு. 4.44 அடுத்த ஈடு போட்டாள். சட்டியின் இரைச்சலில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. 4.47 குழாய், முழங்கை. 5.02 குழாய், மறுபடி முழங்கை.

ஐந்தேகாலுக்கு சல்கின் உள்ளே வந்தாள். அவள் தாளில் மூன்றே வரிகள்: 4.31, 4.47, 5.02. என் நோட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது முழங்கையில் விரல் நின்றது.

அப்புறம்தான் அவள் குழாயை நிமிர்ந்து பார்த்தாள். எர்மெக் போட்ட புதுக் குழாய், மேலே ஒரே ஒரு நீளமான பிடி. தூக்கினால் தண்ணீர் வரும், அமுக்கினால் நிற்கும். முன்பு இருந்தது இரண்டு திருகு வைத்த பித்தளைக் குழாய். அதை நினைத்தால்கூடச் சட்டென்று மூட முடியாது.

சல்கின் அடுப்பை அணைத்தாள். பிடியைத் தூக்கித் தண்ணீர் விட்டு, முழங்கையால் ஓங்கி அமுக்கினாள்.

"அதோ, தட்டறார்" என்றது அடுத்த அறையிலிருந்து அனார்கானின் குரல்.

இன்னொரு முறை அமுக்கினாள்.

"மறுபடியும் தட்டறார். இன்னிக்கு ரொம்பக் கோவமா இருக்கார்."

இந்தமுறை விரலால் மெல்ல மூடினாள். அடுத்த அறையில் பேச்சில்லை.

"என் கைதான் என்னை ஏமாத்திருக்கு" என்றாள் சல்கின். பதினான்கு வருஷமாக எந்தக் குழாயையும் மெல்ல மூடிப் பழகிய கை. இரண்டு நாளும் அப்படித்தான் மூடியிருக்கிறாள். பெர்மெத்தும் மாவுக் கை இல்லாத நாளில் விரலால்தான் மூடுவாள். ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது குழாயின் மேல் மோதும். சுவருக்குள் பிடிப்பு இல்லாமல் கிடக்கும் குழாய் துள்ளிச் சுவரில் அடிக்கும். சரியாகச் சபாரின் படத்துக்குப் பின்னால்.

அனார்கானைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவள் நம்பவில்லை. பெர்மெத்தைக் குழாயடியில் நிறுத்தி, தான் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "அமுக்கு" என்றாள். டொக். "இன்னொண்ணு." டொக். ஆறு தடவை. பிறகு படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அவர் வரவே இல்லையா சல்கின்?"

என் தங்கை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது அக்கா. தட்டினது அவர் இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அனார்கான் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தைய ஈட்டில் பொரித்த ஒரு போர்சோக்கை எடுத்து வாயில் போட்டாள்.

"எனக்கே தெரிஞ்சிருக்கணும். அவர் தட்டினா கீழ்வீட்டுக்காரி எட்டிப் பாப்பா. இது என்ன, பூனை தட்டின மாதிரி." மென்றுகொண்டே மகளைப் பார்த்தாள். "என்னடி நிக்கிற? எண்ணெய் ஆறுது. தோட்டை ஏன் கழட்டி வச்சிருக்க? போடு."

பெர்மெத் மாவுக் கையோடு தோட்டைப் போட்டுக்கொண்டாள். சல்கின் வாசலுக்குப் போய் எர்மெக்குக்குப் போன் செய்தாள். எடுத்ததும் "சூயுஞ்சு" என்றாள். நல்ல சேதி கொண்டு வருகிறவர் முதலில் சொல்லுகிற சொல் அது, பரிசு கொடுத்தால்தான் சேதி. தோடு திரும்பி வரப்போகிறது என்று கேட்டதிலிருந்து அந்தப் பையன் நான்கு நாளாகச் சாப்பிடாமல் இருந்தவன். போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்கும்படி, "என்ன வேணாலும் தர்றேன் அக்கா, சொல்லுங்க" என்றான்.

"உன் ஸ்பேனர்."

"என்னது?"

"உன் ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில குடுத்துடு. இனிமே மீட்டரை மட்டும் பாரு."

மறுநாள் சமையலறைப் பக்கம் ஒரே ஒரு ஓட்டை போட்டு, பழைய பூட்ஸ் ரப்பரைச் சுற்றி, இரண்டு கிளாம்ப் வைத்துக் குழாயை இறுக்கினாள். ஓட்டை என் உள்ளங்கையளவு. அதைச் சுவர் உடைத்த கணக்கில் நான் சேர்க்கவில்லை.

நவம்பரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையாக எர்மெக் முதல்முறை விருந்துக்கு வந்தபோது, அனார்கான், வாசலுக்கு எதிர்ப்புறம் மூத்தவர்கள் உட்காரும் மேலான இடத்தில் என் தங்கையை உட்காரவைத்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள் எனக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது நன்றாகவே இருந்தது. சாப்பாட்டுக்கு முன் மாப்பிள்ளையே கூஜாவை எடுத்துக்கொண்டு கை கழுவத் தண்ணீர் ஊற்ற வந்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஒழுங்காக ஊற்றியவன், சல்கினிடம் வந்ததும் கூஜாவை அவ்வளவு மெல்ல மெல்ல நிமிர்த்தினான். தண்ணீர் நிற்காமல் அவள் சட்டைக் கைவரை ஓடியது.

"சட்டுனு நிறுத்து மாப்பிள்ளை" என்றாள் என் தங்கை. "கூஜா தட்டாது."