அத்தைக்கு ஒட்டிய மாட வீதி

அத்தைக்குக் கண் தெரியாது என்பதைவிட, அவளைத் தனியாக அனுப்ப முடியாது என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய கவலை. எழுபதுகளின் முடிவில், எனக்குப் பத்து வயதானபோது, கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. எங்கள் வீடும் அப்பாவின் தையல் கடையும் கிழக்கே ராஜகோபுரத்துப் பக்கம். பள்ளிக்கூடமோ கோயிலுக்கு அந்தப் புறம்.

"தெனம் ரெண்டு வேள நான் கூட்டினு போய் வர முடியுமா? வேல வேணாம்னு எழுதிடு" என்றார் அப்பா.

"எனக்கு வழி தெரிஞ்சா போதும்ணே" என்றாள் அத்தை.

பூகோளத்தில் வகுப்பிலேயே முதல் ஆள் நான். வழிதானே என்று இறங்கிவிட்டேன். பெரிய அட்டையில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளையும் கம்பளி நூலால் ஒட்டினேன். கடை போர்டு, சினிமா போஸ்டர் எதையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான்.

அத்தை தடவிப் பார்த்துச் சிரித்தாள். "ஜாஸ்தி வெச்சிருக்கடி. போர்டு எனக்கு எதுக்கு? கண்ண மூடிக்கினு நடந்து பாரு. எது தெரியுதோ அத மட்டும் ஒட்டு."

அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நடந்தேன். பூக்கடை வாசனை, காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின், மண் முடிந்து கல் தொடங்கும் இடம். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முக்கால்வாசிப் பொத்தான்களைப் பிய்த்தேன். வாசனைக்குத் துணி உருண்டை, சத்தத்துக்குப் பொத்தான், கல் பாவிய இடத்துக்குச் சாக்குத் துண்டு. திறந்த சாக்கடை ஓரமாக நூலில் முடிச்சுகள். அத்தை ஒரு வாரம் அந்த அட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அப்பா திட்டத் திட்ட, முதல் நாள் கோலை ஊன்றித் தனியாகக் கிளம்பினாள். அன்று பார்த்துத் தெற்கு வீதியில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். விஷயம் கடைக்கு எட்டியதும் அப்பா சைக்கிளில் பறந்தார். வகுப்பிலிருந்து அத்தை பாடும் குரல் கேட்டதாம். கூப்பிடாமலே திரும்பிவிட்டார்.

சாயங்காலம் கேட்டார்: "எப்படிப் போன?"

"பள்ளம்னு ஒருத்தர் சொன்னாரு. வடக்கு வீதியால சுத்திப் போயிட்டேன்."

"அந்தப் பக்கம் நீ போனதே இல்லியே?"

"அட்டையில போயிருக்கேன்."

நான் குதித்த குதியில் தட்டு உருண்டது. பிறகுதான் கவனித்தேன், அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு யாருமே என் கையப் பிடிக்கலடி" என்றாள் மெல்ல.

எனக்குப் பாவமாகிவிட்டது. "அழாத அத்த, நாளைக்கு நான் வந்து பிடிச்சுக்கறேன்."

என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். மறுநாள் நான் எழுந்திருக்கும் முன்பே அவள் போய்விட்டிருந்தாள். பிடிக்க ஆள் இருந்தும் விட்டுவிட்டுப் போனாளே என்று, இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.