முனியப்பனிடம் நான் கேட்ட மூச்சு

பக்த அன்பர்களே, என் மனைவி பூங்காவனம் அன்று என் கண் முன்னால் செத்திருப்பாள். கொன்றவன் நானாக இருந்திருப்பேன். இதைச் சொல்லாமல் விட்டால் முனியப்பனுக்குத் துரோகம்.

1987, புரட்டாசி மாதம். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில், காலையில் அவளுக்கு இழுப்பு வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. கட்டிலோடு மாட்டு வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டேன். வண்டிக்காரக் கிழவர் மரம் கிடந்த இடமெல்லாம் வயலில் இறக்கி ஓட்டினார். பதற்றத்தில் வழியெல்லாம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து சிகரெட் ஊதிக்கொண்டே போனேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

டவுனுக்கு ஒரு மைல் இருக்கும்போது குறுக்கே புளியமரம் கிடந்தது. இரு பக்கமும் பள்ளம், வண்டி போகாது. அவளைத் தூக்கினேன். பத்தடிகூடப் போகவில்லை, எனக்கே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். கரும்புக்கட்டு சுமந்த உடம்பு! “முனியப்பா, இவ மூச்சை மட்டும் குடுத்துடு. நூறு சுருட்டு கொளுத்தி வெக்கிறேன்” என்று கதறினேன்.

மறியலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

“இன்னாங்க ஆச்சு?”

“எங்க வூட்டுக்காரிங்க. மூச்சு வுட முடியலைங்க.”

“டேய், கட்டில புடிங்கடா!”

மரத்துக்கு மரம் தாண்டித் தூக்கிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். அவர்கள் உருவில் வந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அவள் பிழைத்தாள். மூன்றாம் நாள் டாக்டர் அவளிடம் கேட்டார்: “ஏம்மா, நீ சிகரெட் பிடிப்பியா?”

“ஐயய்யோ! இவருதாங்க வூட்டுக்குள்ளயே குடிச்சிக்கினு இருப்பாரு.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீ ஊதுற புகைதான் அவங்க நெஞ்சுக்குள்ளயும் போகுது. இரும்புல துரு ஏறுற மாதிரி நுரையீரலை அரிக்குது. உனக்கு இன்னும் ஜாஸ்தி.”

வீட்டுக்குள் உட்கார்ந்து ஊதியிருக்கிறேன், இருபது வருஷம்! அடுப்புப் புகையால் வந்த இழுப்பு என்றுதானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்? பின்னாளில் வேறொரு டாக்டர் விளக்கினார்: புகையின் நஞ்சு உடம்பின் தற்காப்பை மீறி ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது உள்ளே துருப்பிடிப்பது போன்ற அரிப்பை, உண்டாக்குமாம், அதில் நுரையீரலின் மெல்லிய அறைகள் சிதைந்துபோகுமாம்.

வேண்டுதலை நினைத்ததும் இன்னும் பதறினேன். புகையால் போன மூச்சுக்குப் புகையையே நேர்ந்துகொண்டிருக்கிறேன்! கல்வராயன் மலை மேல் இருக்கும் முனியப்பன் கோயில் பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நூறையும் வெச்சுடு. கொளுத்தாத. சாமி கோச்சிக்காது” என்றார். அப்படியே வைத்தேன். அன்றோடு சிகரெட்டையும் விட்டேன்.

வருஷா வருஷம் மலைக்குப் பொங்கல் வைக்கப் போகிறோம். அவள் விறுவிறுவென்று ஏறுகிறாள். நான் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன். என் நுரையீரல் கெட்டது கெட்டதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “எனக்குக் கேட்டீங்களே, உங்களுக்கும் சேத்துக் கேட்டா இன்னாங்க?” என்று மேலே நின்று கேலி செய்கிறாள். அந்தக் குரலைக் கேட்க நான் கொடுத்துவைத்தவன்.

அன்பர்களே, நம்பிக் கேளுங்கள், அவன் கொடுப்பான். கையில் புகைவதைக் கீழே போட்டுவிட்டுக் கேளுங்கள்.