ஊமையான தாய்க்கரடி

மூன்று வருடங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலில் நடந்தது இது.

எங்கள் கட்டடத்தில் பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள்தான். வருடம் தவறாமல் பொங்கல் விழா நடத்துவோம். கோலப் போட்டி, சின்னப் பிள்ளைகளின் பாட்டு, கடைசியில் எல்லோருக்கும் சாப்பாடு என்று ஒரே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் கமிட்டிக்கு நான் செயலாளர். புதிதாக ஏதாவது செய்து பெயர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு மாமி இருக்கிறார். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்கா. எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, மாமி பல வருடங்கள் அந்தேரிக்குப் போய் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் டப்பிங் பேசியவர் என்று. ஒரு கார்ட்டூன் படத்தில் குட்டியைத் தொலைத்துவிட்டு அதைத் தேடி அலையும் தாய்க்கரடிக்குக் குரல் கொடுத்ததும் அவர்தானாம். என் மகன் சின்ன வயதில் அந்தப் படத்தை டிவியில் பார்த்து அழுதிருக்கிறான். அந்தக் கரடி எங்கள் தலைக்கு மேலேயே குடியிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

உடனே முடிவு செய்துவிட்டேன். விழாவில் அந்தப் படத்தைத் தமிழில் போடுவது, மாமிக்குப் பொன்னாடை போர்த்துவது. மாமியிடம் சொன்னபோது, "அய்யோ, எனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. முலுண்டிலிருந்து மகளையும் மாப்பிள்ளையையும் பேரனையும் வரச் சொல்வதாகச் சொன்னார்.

படத்தைத் தேடினால் மொபைலில் எங்கேயும் தமிழில் கிடைக்கவில்லை. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும்தான் இருந்தது. மாட்டுங்காவில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "தமிழ் டிஸ்க் இருக்கு மேடம். ஆனா சென்னையிலேர்ந்து வரணும், டைம் ஆகும்" என்றார். நானோ விழா அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டிருந்தேன். அன்றைக்கே ஸ்டேஷன் பக்கம் வந்தபோது, நடைபாதையில் பழைய டிஸ்க்குகளைப் பரப்பி வைத்திருந்தவரிடம் அதே படம் கிடைத்தது. அட்டையில் தாய்க்கரடி, மேலே 'தமிழ்' என்று பெரிய எழுத்து.

அது திருட்டுப் பிரதி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அட்டைப் படத்தில் சாயம் கலங்கியிருந்தது. படத்தின் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை. டிஸ்க்கைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னாமல், எங்கள் ஆபீஸில் ஃபைல்களை எழுதி வைக்கும் டிஸ்க் மாதிரி ஊதா நிறத்தில் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, படம் ஓடினால் சரி என்று பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது மாடி குஜராத்திக்காரர் தன் புது பிளேயரைத் தந்தார். முந்தின நாள் ஹாலில் வைத்து முதல் சில காட்சிகளை ஓட்டிப் பார்த்தோம். படம் பளிச்சென்று இருந்தது, சத்தம் கணீரென்று கேட்டது. எனக்கு நிம்மதி.

விழா அன்று ஹால் நிரம்பிவிட்டது. மாமி பச்சைப் பட்டுப் புடவையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் பேரன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் கமிட்டித் தலைவர் என் பெயரை மைக்கில் சொல்லும்படி ஏற்பாடு செய்திருந்தேன். பிறகு நானே மைக்கைப் பிடித்து ரொம்ப நேரம் பேசினேன். மாமிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, கலைஞர்களை மதிக்க வேண்டும் என்றெல்லாம் பேசினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தப் படத்தோட ஒரிஜினல் டிஸ்க்கை எங்கெங்கேயோ தேடி அலைஞ்சு, உங்களுக்காக வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றும் சொன்னேன். கைதட்டினார்கள்.

படம் ஆரம்பித்தது. தாய்க்கரடி முதல் தடவை வாயைத் திறந்ததும் பிள்ளைகள் எல்லாம் திரும்பி மாமியைப் பார்த்துக் கத்தினார்கள். பேரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பாட்டி, நீங்கதானா? சச்சி? நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

குட்டி காணாமல் போகிற காட்சி வந்தது. தாய்க்கரடி பனியில் நின்று குட்டியைக் கூப்பிடுகிறது. திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. கரடியின் வாய் மட்டும் அசைகிறது.

நான் ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரை ஆட்டினேன். வாடகைக்கு ஸ்பீக்கர் கொடுத்தவரைத் திட்டினேன். அதற்குள் திரையின் அடியில் இங்கிலீஷில் ஒரு வாசகம் வந்து நின்றது. பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள். இது அனுமதி இல்லாத பிரதி, அதனால் ஒலி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிளேயர் கொடுத்த குஜராத்திக்காரர் டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பாபி, யே தோ டூப்ளிகேட் ஹை!" என்றார் ஹிந்தியில், அண்ணி, இது போலியாச்சே என்று. அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சத்தமே இல்லாத ஹாலில் அது எல்லோருக்கும் கேட்டது.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று ஒரு குரல் என்னைப் போலவே பேசிக் காட்டியது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. மாமி இருந்த பக்கம் பார்க்க தைரியம் வரவில்லை. டிஸ்க்கை மறுபடி போட்டோம். கொஞ்ச நேரம் பேசியது, மறுபடி ஊமையாகிவிட்டது. "நிறுத்திடலாம், சாப்பாடு போட்டுடலாம்" என்றார் கமிட்டித் தலைவர்.

அப்போதுதான் மாமி எழுந்து வந்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு, "படத்தை ஓட்டுங்கோ. சத்தம் போற இடத்துல நான் பேசறேன்" என்றார்.

பேசினார். அந்த வயதில், நின்றுகொண்டே, திரையைப் பார்த்துப் பேசினார். தாய்க்கரடிக்கு மட்டுமில்லை, குட்டிக்கும் நரிக்கும் வேட்டைக்காரனுக்கும் சேர்த்து. பல வசனங்கள் அவருக்கு மறந்துபோயிருந்தன. ஓரிடத்தில் நரியைப் பார்த்து, "நீ என்னமோ சொல்லுவியே, மறந்துபோச்சுடா" என்றார். ஹாலே குலுங்கிச் சிரித்தது. ஒரிஜினல் டிஸ்க் ஓடியிருந்தால்கூட அவ்வளவு ரசித்திருப்பார்களா என்று தெரியாது. எனக்கு மட்டும் ஒவ்வொரு சிரிப்பும் தைத்தது. எந்த உழைப்பை கௌரவிக்கிறேன் என்று கூப்பிட்டேனோ, அதே உழைப்பை இந்த வயதில் மறுபடி செய்ய வைத்துக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்தது. திரை நீலமாகிவிட்டது. எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள், பலர் மாமியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். மாமி மட்டும் பேரனைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, காலித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமி, என்னை மன்னிச்சிருங்க. அது காப்பின்னு எனக்குத் தெரியும்."

"நேக்கும் தெரியும்மா. சத்தம் நின்னதுமே தெரிஞ்சுது" என்றார். "சத்தத்துக்குள்ளேயே ஒரு குறியை ஒளிச்சு வெச்சிருப்பா. நம்ம காதுல விழாது, மிஷினுக்குத் தெரியும். காப்பின்னா கொஞ்ச நேரம் ஓடவிட்டுட்டு சத்தத்தை நிறுத்திடும். ஸ்டுடியோவுல சொல்லிக் கேட்டிருக்கேன்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இதுல கடைசியில பேரெல்லாம் வராதா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒரிஜினல்ல எல்லாம் முடிஞ்சப்புறம், தமிழ்ல பேசினவா பேர்னு தனியா வரும். நாங்க ஆறு பேர். அன்னிக்குத் தியேட்டர்ல பார்த்தேன். எல்லாரும் எழுந்து போயிட்டா, பெருக்கறவா உள்ள வந்துட்டா, நான் ஒருத்தி மட்டும் நின்னு பார்த்தேன். இவன் பார்க்கட்டும்னுதான் முலுண்டிலேர்ந்து வரச் சொன்னேன். இவனுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனா பேரெல்லாம் இங்கிலீஷ்லதான் வரும்."

காப்பி போட்டவர்கள் கதை முடிந்த இடத்தோடு வெட்டிவிட்டிருந்தார்கள். மாமி என் முதுகில் தட்டி, "போறது விடு, சாப்பிட வா" என்று எழுந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாளே அந்த மாட்டுங்கா கடையில் சொல்லி, சென்னையிலிருந்து நல்ல டிஸ்க்கை வரவழைத்தேன். மாமி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்காத்துல பிளேயர் இல்லியே" என்றார். இரண்டாவது மாடிக்காரரிடம் இரவல் வாங்கித் தருகிறேன் என்றேன். "பேரன் லீவுக்கு வரட்டும், பார்க்கலாம்" என்று டிவி பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த லீவு வந்தது, போனது. அவன் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் லிஃப்டில் பார்த்தால் மாமி முதலில் சிரிக்கிறார், நான்தான் தரையைப் பார்க்கிறேன். அந்த விழாவில் என் பெயரை மைக்கில் எத்தனையோ தடவை சொல்ல வைத்த நான், அவருடைய பெயர் வரவேண்டிய அந்த ஒரே இடம் எது என்று முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்காமல் போனேனே என்பதுதான், திருட்டு டிஸ்க் வாங்கியதைவிட அதிகமாக இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.