எலுமிச்சம்பழமும் இழுவைக் கயிறும்

திருநெல்வேலிக்கு வடக்கே, கரிசல் காட்டுக்குள், யுத்தகாலத்து ஓடுதளம் ஒன்றில் தொண்ணூறுகளில் கிளைடர் பயிற்சி முகாம் நடந்தது. கல்லூரியில் படித்த என் மகளும் சேர்ந்தாள். கிளைடருக்கு இயந்திரம் கிடையாது. சிறிய விமானம் ஒன்று கயிறு கட்டி மேலே இழுத்துப்போகும். உள்ளே இருப்பவர் மஞ்சள் குமிழை இழுத்தால் கயிறு விடுபடும். தரையில் ஓடும்போதே ஒரு சிறகு சாய்ந்து நிமிராவிட்டால் அந்த நொடியே கயிற்றை விட்டுவிட வேண்டும். இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி எனக்குச் சோறு இறங்காமல் செய்தாள்.

அவள் முதன்முதலாகத் தனியே பறக்கவிருந்த அன்று, சேரன்மகாதேவிக் கோவிலில் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தோடு போனேன். புது சைக்கிளைக்கூடப் பழம் வைக்காமல் நகர்த்தாத ஊர் எங்களுடையது.

"உள்ள எதுவும் வைக்கக் கூடாதும்மா" என்றாள்.

அவள் இருக்கை வாரை மாட்டி, உள்ளே எல்லாம் அசைத்துப் பார்த்து, கயிறும் கோத்தாயிற்று. விபூதி மட்டும் பூசிவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு கிட்டே போனேன்.

"சட்டுனு பூசுங்க டீச்சரம்மா. பிள்ள வானத்துக்குத்தான் போவுது, வாக்கப்பட்டுப் போவல" என்றார் மெக்கானிக்.

அவள் கண்ணை மூடியபோது பழத்தை இருக்கையின் ஓரத்தில் நழுவவிட்டேன்.

அவள் தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை மூடப்பட்டது. கயிறு விறைத்தது. சிறகு சாயாமல் பிடித்தபடி கூடவே ஓடியவர் கையை விட்டதும் வலது சிறகு சாய்ந்தது. நிமிரவில்லை. புல்லில் உரசியது. கண்ணாடிக்குள் அவள் தலை ஆடுவதைப் பார்த்தேன். திடீரென்று கயிறு மட்டும் விமானத்தின் பின்னால் தனியே போனது. கிளைடர் அரைவட்டம் சுற்றி நின்றது.

எல்லோரும் ஓடினோம். உதடு கிழிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவளைத் தூக்கி இறக்கும்போது, கிளைடரைச் சாய்க்கும் ஸ்டிக்கின் அடியில் பழம் நசுங்கிக் கிடந்ததைக் கண்டேன். என் கை தானாகப் போய் அதை எடுத்துப் பைக்குள் போட்டது.

பயிற்றுநர் களக்காட்டுக்காரர். "ஏம்மா, சிறக நிமித்தலயா?" என்று மகளைக் கேட்டார்.

"ஸ்டிக்கு எடப்பக்கம் வரல சார். அதான் கயித்த விட்டுட்டேன்."

அவர் அசைத்துப் பார்த்தார். தடங்கலில்லை. "இப்ப நல்லாத்தான வருது. பயந்துட்டியோ?" அவள் இல்லையென்றாள். அவர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "காலைல நீரு பாத்தீரா வே?"

"பாத்தேன் சார். பிள்ளமேல சத்தியமா பாத்தேன்."

நான் சொல்லாவிட்டால் ஒன்று அவள் பறப்பது நிற்கும், அல்லது அந்த மெக்கானிக்கின் வேலை போகும். எலுமிச்சை வாசம் பையிலிருந்து எல்லோருக்கும் அடிக்கிறது என்றே தோன்றியது. நகர இடமில்லாததுபோல் நின்றேன்.

"நாந்தான் போட்டேன்" என்று பழத்தை எடுத்து நீட்டினேன்.

யாரும் திட்டவில்லை. "அவ கொஞ்சம் யோசிச்சு நின்னிருந்தா, டீச்சர்..." பயிற்றுநர் முடிக்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மகள் சொன்னாள்: "மறுபடியும் ஏறுவேன். வரணும்னா வா. ஆனா தள்ளி அங்கன நில்லு."

கிளைடர் சரியானதும் போனேன், தள்ளியே நின்றேன். அவள் கண்ணாடியை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அதன் பிறகே மூடினாள்.