பல்லி சொன்ன தை மாதம்

மகள் நாலு மாத வேலைக்கு வன்கூவர் போனபோது என் கையில் ஒரு பல்லியைத் தந்துவிட்டுப் போனாள்.

"அப்பா, சாப்பாடு ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. சூடு மட்டும் குறையக் கூடாது. சூடு இல்லாட்டி திண்டது செமிக்காது. செத்துப்போகும்."

ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் என்னோடு அவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. தனியாகப் போய் இருக்கப்போறன் என்று அவள் சொன்ன அன்று நான் ஒரு சொல் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு தாயோடுதான் கதை, சிரிப்பு எல்லாம். எனக்கு "ஓம்", "இல்லை". தாய்க்குப் பல்லி அருவருப்பு. நானோ முழங்கால் ஒப்பரேசன் முடிந்து வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். அதனால்தான் என்னைக் கேட்டாள். எப்படியோ கேட்டாளே என்று வாங்கிக்கொண்டேன். இது செத்தால் அவள் என்னிடம் இனி எதையும் கேட்கமாட்டாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியிருந்தது.

சிறுத்தைப் பல்லி என்கிறார்கள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, விரல் தடிப்பில் வால். சுவரில் ஏறத் தெரியாது. ஆனால் கண்ணுக்கு இமை உண்டு. எங்கள் ஊர்ப் பல்லி இமைக்காது, இது இமைக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால், யோசித்துவிட்டுப் பதில் சொல்லப்போகிற ஆளைப்போல மெதுவாக மூடித் திறக்கும். முதல் நாளே எனக்கு அது பிடிக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியின் அடியில், ஒரு பக்கத்தில் மட்டும், கரண்டில் சூடாகிற மெல்லிய பாய் ஒன்று. அதற்கு நேர் மேலே, பெட்டிக்குள், தட்டையான கல். கல்லைத் தொட்டபடி ஒரு வயர் நுனி. அந்த நுனி கல்லின் சூட்டைப் பார்த்து வெளியே இருக்கிற சின்னக் கருவிக்குச் சொல்லும். முப்பத்திரண்டு பாகை வந்தால் கருவி பாயை நிப்பாட்டும், குறைந்தால் திரும்பப் போடும். மற்றப் பக்கம் குளிராகவே இருக்கும். எது வேணுமோ அங்கே பல்லி தானே போய்ப் படுக்கும்.

என்னோடு வேலை செய்த ஒரு அண்ணை, கால் எப்படி என்று பார்க்க வந்தவர், இதைக் கண்டுவிட்டுச் சொன்னார்: "வந்த புதுசில சென் ஜேம்ஸ் ரவுணில, ஒரு அறையில, நாங்கள் ஒன்பது பேர் ஒரு ஹீற்றருக்குச் சண்டை பிடிச்சனாங்கள். உவருக்குத் தனி வீடு, தனி ஹீற்றர். அகதிக் கேஸ் போட்டே வந்தவர்?"

அவருடைய வாயே வாய். இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பிறகு பொங்கல் வந்தது. வீடு கழுவித் துடைக்கையில் மனைவி சொன்னாள், "இஞ்சாருங்கோ, உந்த வயரை எங்கயாவது ஒளிச்சு விடுங்கோ. ஆக்கள் வரேக்க வடிவில்லை." நானும் நுனியைக் கல்லிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு அடியில் விட்டு, பாயிலேயே ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன். கருவியைப் பார்த்தேன். முப்பத்திரண்டு. வேலை சுத்தம்.

அன்று பின்னேரம்தான் அது முதல்முதல் சொன்னது.

ஸ்ரௌவ்வில்லில் எங்கள் பக்கம் எல்லாம் புது வீடுகள். பகலில் சனமே இல்லை. பனி கொட்டினால் காரின் சத்தத்தையும் அதுவே விழுங்கிவிடும். அப்படி ஒரு அமைதியில், பல்லி இருந்த மூலையிலிருந்து, "டிக்." கொஞ்சம் விட்டு, "டிக், டிக்."

பொங்கலுக்கு ரெக்ஸ்டேலில் இருந்து வந்திருந்த மச்சாள், என் மனைவியின் தமக்கை, கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு விரலால் மேசையில் மூன்று தரம் தட்டினாள். நாங்கள் பல்லி சொன்னால் தட்டுகிற ஆட்கள். கனடாவில் சுவர்ப்பல்லி இல்லாததால் எத்தனையோ வருஷம் தட்டாமல் இருந்த விரல், மறக்கவில்லை.

"எந்தத் திசை அது?" என்று கேட்டாள்.

"தெற்கு."

தெற்கு யமனுடைய திசை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போகும்போது சப்பாத்தைப் போட்டபடி, "பிள்ளையோட ஒருக்கால் கதையுங்கோ," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து நானும் அதுவும் தனியாக. மனைவி வேலைக்குப் போனதும் தொடங்கும். டிக். நான் கதிரைக் கையில் தட்டுவேன். கொஞ்ச நேரம் பேசாது. பிறகு டிக். நான் எதையாவது நினைக்கும்போதே சொல்லுகிறது என்று தோன்றும். மகளை நினைத்தால் இரண்டு தரம். கிட்டப் போனால், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும். வாய் திறந்திருக்காது. தொண்டையிலும் அசைவில்லை. ஆனாலும் சத்தம் வரும். காலைத் தூக்கியது தூக்கியபடி அரைமணி நேரம் நிற்கும். புழு போட்டால் பார்க்கும், தின்னாது. ஒவ்வொரு நாளும் கருவியைப் பார்த்தேன். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு. சூடு சரி. அப்படியென்றால் இது வேறு ஏதோவொன்றைச் சொல்ல நிற்கிறது என்றுதான் என் புத்தி போனது.

ஒன்பதாம் நாள் வால் பென்சிலைப்போல மெலிந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மத்தியானத்திலிருந்து விடாமல் டிக், டிக், டிக். மகளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். ஐந்தாம் தரம் எடுத்தாள்.

"வட் ஹப்பண்ட், அப்பா? நான் மீற்றிங்ல."

"நீ சுகமோ?"

"ஓம். ஏன்?"

"பல்லி சொல்லுது. தெற்கிலயிருந்து. ஒன்பது நாளா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "அது அப்பிடிக் கத்தாது அப்பா. போனைக் கிட்டக் கொண்டுபோங்கோ," என்றாள். கொண்டுபோனேன். டிக், டிக்.

"அது கருவி. ஓன் ஆகி ஓஃப் ஆகிற சத்தம். ஏன் இவ்வளவு கெதியா ஆகுது? வயர் நுனி எங்க?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கத் தொடங்கியது.

"கையை உள்ளுக்கு விட்டுக் கல்லைத் தொடுங்கோ."

தொட்டேன். வாசல் படியைப்போலக் குளிர்ந்து கிடந்தது. நுனி பாயைத் தொட்டுத் தொட்டு, சூடு வந்துவிட்டது என்று கருவிக்குச் சொல்லியிருக்கிறது. கல்லுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. இத்தனை நாளும் அந்தப் பிராணி குளிருக்குள் விறைத்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் இருந்து நான் தட்டித் தட்டிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"நான்தான் பிள்ளை செய்தது," என்றேன்.

"பிறகு கதைப்பம். முதல்ல நுனியைக் கல்லில வையுங்கோ."

ஒட்டுநாடாவைக் கிழித்து நுனியைக் கல்லில் வைத்தேன். கருவியில் பத்தொன்பது என்று விழுந்தது. டிக் என்று ஒரு தரம் அடித்துப் பாயைப் போட்டது, அதோடு அடங்கிவிட்டது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி முந்திய சத்தத்தைவிடக் கூடாததாக இருந்தது.

"வைக்காதேங்கோ அப்பா. லைன்ல நில்லுங்கோ."

"மீற்றிங்?"

"அது கிடக்கட்டும்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கல் சூடாகிறதா என்று பார்க்கக் கையை உள்ளேயே வைத்திருந்தேன். இருபத்திரண்டு. இருபத்தைந்து.

"இப்ப?"

"அசையேல்லை."

யன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே அவள் மூச்சு விடுவது கேட்டது.

"இப்ப?"

தூக்கியிருந்த காலைப் பல்லி கீழே வைத்தது. ஒரு அடி, நின்று, இன்னொரு அடி. கல்லை நோக்கி வருகிறது என்று நினைத்தேன். கல் இன்னும் பாதிச் சூடுதான். அதைத் தாண்டி வந்து, ஐஸ் வைத்ததைப்போலக் குளிர்ந்த வயிற்றை என் மணிக்கட்டில் போட்டது.

"ஏறீட்டுது," என்றேன்.

"கல்லிலயோ?"

"என்ர கையில."

"கையை எடுக்காதேங்கோ, அப்பா."

நான் எடுக்கவில்லை.